கழித்து வைத்த இருபது

முந்நூற்றிநாலு மூன்று பேருக்குச் சரிவராது.
பாலேந்திராவின் அந்தியேட்டி முடிந்த கிழமை
றெஜினோல்ட் அதை மட்டும்தான் சொன்னான்,
பாமசியின் ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு.

"போக்கர் விளையாடுவம். அதுக்கு ரெண்டு பேரே காணும்"
என்றான் குகதாசன். போனில் பழகியவன்.
பனடோல் பெட்டியொன்றைக் கிழித்து விரித்து
உட்பக்கம் மேலிருந்து கீழாகப் பத்து வரி எழுதினான்.

முதல் வரி ரோயல் ஃப்ளஷ்.
"உது ஆருக்கும் வராது, பாடமாக்கத் தேவையில்லை."
கடைசி வரி, ஒன்றோடொன்று சேராத கை.
அதற்கும் பெயர் உண்டாம்:
உள்ளதில் பெரிய சீட்டு எதுவோ அதன் பெயர்.
எங்கள் ஒழுங்கையிலும் அப்படித்தான்,
டொக்டர் வீடு, கனடாக்காரர் வீடு,
மிச்சம் நாலு பேர் உள்ளே இருந்தாலும்.

இடையில் உள்ள எட்டு வரிதான் பிடிபடவில்லை.

இருபத்தாறு வருடம் எங்களுக்கு ஜாக்கி முப்பது.
அவனுக்கு அடுத்தது ஒன்பது, இருபது.
ராசா மூன்று, ராணி இரண்டு,
முடி வைத்தவர்களை அந்த அளவில் வைத்திருந்தோம்.
இப்போது ஜாக்கி நாலாம் ஆள்.
ஒன்பது வெறும் ஒன்பது.
எல்லாவற்றுக்கும் மேலே ஆசு.
"ஆசு எண்டால் தமிழில குற்றம்" என்றேன்.
"நீங்கள் வரியைப் பாருங்கோ அண்ணை."

ஐந்து இலக்கம் அடுத்தடுத்து வந்தால் வரிசை.
ஐந்தும் ஒரே சாதி என்றால் ஃப்ளஷ், அதற்கு மேலே.
"ஏன் மேலே?"
மண்ணெண்ணெய்க்கு விடிய மூன்று மணிக்கு
கானோடு வரிசையில் நின்றவன் கேட்கிறேன்.
ஒரே சாதியாய்ச் சேர்வதா இந்த ஊரில் பெரிய காரியம்?
"அரிதா வாறதுதான் பெரிசு, அண்ணை.
சீட்டில அது அரிது."

மூன்றும் இரண்டும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ்.
"அஞ்சு பேரோட நிறைஞ்சிடுமோ?" என்றான் றெஜினோல்ட்.
"தொண்ணூற்றஞ்சில சாவகச்சேரியில
ஒரு வீட்டில நாங்கள் நாற்பத்துமூண்டு பேர்."
அதற்குப் பெட்டியில் வரி இல்லை.

பிறகுதான் அந்தச் சிக்கல் தெரிந்தது.
முந்நூற்றிநாலுக்கு ஏழிலிருந்து மேலேதான்.
இரண்டு முதல் ஆறு வரை, இருபது சீட்டு,
ஜீவனிப் பெட்டிக்குள் நூல் கட்டிக் கிடந்தவை
கடையில் வாங்கிய அன்றைய வெள்ளையோடு வெளியே வந்தன.
மற்ற முப்பத்திரண்டும்
எங்கள் விரல் அழுக்கு, வடை எண்ணெய், பிளேன்ரீ.
முதுகைப் பார்த்தே சொல்லலாம்
ஆரிடம் சின்னச் சீட்டு என்று.
புதுக் கட்டு வாங்குவோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பந்தயத்துக்குக் காலாவதியான விற்றமின் சி.
ஆளுக்கு முப்பது குளிசை.
குகதாசன் தன்னுடையதில் ரெண்டைச் சப்பிவிட்டான்.

நாலாவது ஆட்டம். எனக்கு ஐந்தும் வெள்ளை.
இருவரும் பார்த்தார்கள்.
குகதாசன் கவிழ்த்து விலகினான், தன் கை அவ்வளவு மோசமாம்.
றெஜினோல்ட் ஐந்து வைத்தான், பிறகு பத்து,
பிறகு போத்தலோடு நடுவில் தள்ளினான்.
அவன் பிடித்திருந்ததில் ஒன்றின் மூலை மடிந்திருந்தது.
கிளாவர் ஜாக்கி.
பாலேந்திரா கேள்வி கேட்க முன்
கட்டைவிரலால் அழுத்துகிற மூலை.
பக்கத்தில் இன்னொரு ஜாக்கியும் இருக்க வேண்டும்.
இரண்டு ஜாக்கி. அறுபது.
அந்தக் கையோடு அவர்கள் இருவரும்
எந்தக் கேள்விக்கும் பின்வாங்கியதில்லை.

பனடோல் பெட்டியை மேலிருந்து கீழ் வாசித்தேன்.
ஒரு சோடி, கீழிருந்து இரண்டாவது வரி.
என் வரி எங்கே என்றும் பார்த்தேன்.

கையைக் கவிழ்த்தேன்.

றெஜினோல்ட் குளிசைகளை ஒவ்வொன்றாக எண்ணிப்
போத்தலில் போட்டான். நேரம் எடுத்தது.
கொக்குவில் கடவையில் கடைசி ரயிலுக்கு மணி அடித்தது.
குகதாசன் என் சீட்டைத் திருப்பினான்.
இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு.
பெட்டியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அண்ணை, உங்களுக்கு இன்னும் பிடிபடேல்லை."

"ஓமடாப்பா" என்றேன்,
"படிக்க வேணும்."